பாடியவர் சாப்பிட்டாரா?

போன மாதம் அலுவலக நண்பன் ஒருவன் எனக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். தலைப்பு: 'ஐரோப்பா சம்மர் மியூசிக்'. ஏழு வருடமாக இதற்கென்றே காசு சேர்த்துக்கொண்டிருக்கிறான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இசை விழாவுக்குப் போய்விட்டு வர வேண்டும். எதற்குப் போவது என்பதுதான் கேள்வி.

ஷீட்டை ஒழுங்காகத்தான் போட்டிருந்தான். இங்கிலாந்தில் ஒரு பால் பண்ணையில் ஜூன் கடைசியில் நடக்கும் கிளாஸ்டன்பரி. அது 1970இல் தொடங்கியபோது டிக்கெட் ஒரு பவுண்டு, பண்ணைப் பால் இலவசம். டென்மார்க்கின் ராஸ்கில்டே. டான்யூப் நதியின் நடுவே ஒரு தீவில், புடாபெஸ்டில், ஆகஸ்டில் நடக்கும் சிகெட். செவ்வியல் இசைக்கு ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், ஜெர்மனியின் பைராய்ட். எஸ்டோனியாவின் தாலினில் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாட்டுத் திருவிழா. ஒவ்வொன்றுக்கும் நேராக டிக்கெட் விலை, விமானக் கட்டணம், விசா, கூடாரமா ஓட்டலா, மழை வருமா, யார் யார் பாடுகிறார்கள். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'வொர்த்?'. அதை மட்டும் காலியாக விட்டிருந்தான். கீழே ஒரு குறிப்பு: "நீதான் பாட்டு கேக்கறவன். இதை நீ ஃபில் பண்ணு மச்சி."

வொர்த்தா? எங்கள் தலைமுறை அதிகம் கேட்கும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பிரியாணி வொர்த்தா, போன் வொர்த்தா, படம் வொர்த்தா, இந்த வேலை வொர்த்தா, இந்த உறவு வொர்த்தா. கொடுத்த காசுக்கும் நேரத்துக்கும் திரும்ப என்ன கிடைக்கும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கில் எனக்குப் பெரிய புகார் கிடையாது. ஏழு வருடச் சேமிப்பை ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்க முடியாது. ஆனாலும் அந்தக் காலிக் கட்டத்தில் ஒரு எண்ணைப் போட எனக்குக் கை வரவில்லை. பத்துக்கு எட்டு என்று போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஏன் முடியவில்லை என்று யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

இசைக்காகப் பயணம் போவதற்குத் தமிழில் ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி, ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையை விட்டுவிட்டால் மற்ற நான்கும் கலைஞர்களை வழிப்படுத்துபவை. பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர். பரிசில் வாங்கிக்கொண்டு திரும்பும் ஒருவர், எதிரே வாடிய முகத்தோடு வரும் இன்னொருவரை நிறுத்தி, இந்த வழியாகப் போ, இன்னாரைப் பார், இதெல்லாம் கிடைக்கும் என்று சொல்வதுதான் அமைப்பு. போய்வந்தவர் போகாதவருக்கு எழுதிய வழிகாட்டி. ஒருவகையில் என் நண்பனின் ஷீட்டுக்குக் கொள்ளுத்தாத்தா.

ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. ஷீட்டில் பயணம் போகிறவர் கேட்பவர். ஆற்றுப்படையில் பயணம் போகிறவர் பாடுகிறவர். அதனால் கட்டங்களும் மாறிவிடுகின்றன. சிறுபாணாற்றுப்படையில் இசையின் தரம் பற்றி இருப்பதைவிடச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் இருக்கிறது. கடற்கரை ஊரில் கள்ளும் சுட்ட மீனும். வேட்டுவர் ஊரில் புளி சேர்த்த சோறும் ஆமான் கறியும். மருத நிலத்து ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும். எந்த ஊரில் என்ன கிடைக்கும் என்ற பட்டியல் அவ்வளவு துல்லியம்.

ஏன் அவ்வளவு துல்லியம் என்பதும் அதே நூலில் இருக்கிறது. பரிசில் பெறுவதற்கு முந்தைய வீட்டை அந்தப் பாணர் நினைத்துப் பார்க்கிறார். அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது. அடுப்பு எரிந்தால்தானே நாய் அங்கே வராமல் இருக்கும். வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி வந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அக்கம்பக்கத்தார் பார்த்துப் பேசிவிடக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டு எல்லோருமாக அதைத் தின்கிறார்கள். பசியைவிட அந்தச் சாத்திய கதவுதான் என்னை உறுத்துகிறது. ஊரெல்லாம் கேட்கப் பாடுகிறவர்கள், சாப்பிடும்போது மட்டும் யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறார்கள்.

அந்த நூலின் பாட்டுடைத் தலைவன் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடன். அவனை உயர்த்திச் சொல்வதற்காக, நத்தத்தனார் அவனுக்கு முந்தைய ஏழு வள்ளல்களை வரிசையாகச் சொல்கிறார். அந்த ஏழு பேரில் ஒருவர் எங்கள் மலைக்காரர்.

*

சேந்தமங்கலத்தில் பிறந்தவர்களுக்குக் கொல்லிமலை ஒரு சுவர் மாதிரி. எந்தத் தெருவிலிருந்து திரும்பினாலும் ஒரு பக்கம் அது நிற்கும். காளப்பநாயக்கன்பட்டி தாண்டி, அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் எழுபதையும் வாந்தி எடுக்காமல் கடப்பதுதான் எங்களுக்கு வீரம். மேலே செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு அவர் பெயரில் விழா எடுக்கும். வில் போட்டி இருக்கும், பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டம் இருக்கும். அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் கூட்டம் அலைமோதும். இத்தனை வருடத்தில் ஓரியை எனக்கு வில்லாளியாகத்தான் தெரியும். ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துப் போய்க் கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் நின்றது என்ற கதையைப் பள்ளியில் வாத்தியார் கையை வீசி வீசிச் சொல்வார்.

அந்த அம்பு வரும் பாட்டு புறநானூற்றில் 152. பாடியவர் வன்பரணர். பள்ளியில் யாரும் சொல்லாத மீதியைப் பின்னால்தான் படித்தேன். அந்தப் பாட்டு உண்மையில் வேட்டையைப் பற்றியது இல்லை, ஒரு கச்சேரியைப் பற்றியது. காட்டு வழியில் போகும் பாணர் கூட்டம் ஒரு வேட்டைக்காரரைப் பார்க்கிறது. கூலிக்கு வேட்டையாடுகிறவர் மாதிரி தெரியவில்லை, யாரோ பெரிய இடம். ஓரியோ, வேறு யாரோ? நான் ஒரு பாட்டுப் பாடப்போகிறேன், நீங்கள் முழவைச் சரிசெய்யுங்கள், யாழைப் பண்ணில் நிறுத்துங்கள், தூம்பை எடுங்கள், எல்லரியைத் தட்டுங்கள், பதலையை ஒரு பக்கம் மட்டும் மெல்லத் தட்டுங்கள் என்று தலைவர் தன் கூட்டத்திடம் சொல்கிறார். மேடை, மைக், டிக்கெட் எதுவுமில்லை. நடுக்காட்டில் ஒரே ஒரு ரசிகர். பாட்டின் முடிவில் தலைவனைக் குறிக்கும் சொல் வந்ததும் அந்த மனிதர் கூச்சப்படுகிறார். தன் பெயரைக் கேட்டால் கூசுகிற ஆள். உங்களைப் போல் வேறு ஒருவர் இல்லை என்று இவர்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். அவர் பேசவே விடவில்லை. அப்போதுதான் வேட்டையாடிய மான் கறியைக் கொடுக்கிறார், கள்ளைக் கொடுக்கிறார், அப்புறம் தன் மலையில் பிறந்த பொன்னை மணிகளோடு சேர்த்து, இந்தாருங்கள் என்று கொடுத்து அனுப்புகிறார். வழியிலேயே, சுரத்து நடுவிலேயே.

இந்த வரிசையைக் கவனித்தால் போதும். முதலில் கறி. பிறகுதான் பொன்.

*

அடுத்த பாட்டு, 153, அதே வன்பரணர் பாடியதுதான். என்னை வருடக்கணக்கில் தொந்தரவு செய்த பாட்டு அது. எங்கள் சுற்றம் ஓரியின் கொடையைப் பார்க்கப் போனது என்று ஆரம்பிக்கிறது. அவர்கள் குளத்தில் பூக்காத குவளையைப் பெற்றார்கள், அதாவது மணியால் செய்து வெள்ளி நாரில் தொடுத்த குவளை. நகைகளைப் பெற்றார்கள், யானைகளைப் பெற்றார்கள். திரும்பி வந்தார்கள். இப்போது வாத்தியம் முழங்கினாலும் ஆடுவதில்லை, பாட்டையும் மறந்துவிட்டார்கள். பசி போய்விட்டதால் இப்படி ஆகிவிட்டதோ என்று கேட்டு முடிகிறது பாட்டு.

இருபது வயதில் இதைப் படித்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. வசதி வந்தால் கலை செத்துவிடும் என்ற பழைய பாடத்தைத்தான் அதில் படித்தேன். பின்னால் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, மாதச் சந்தாவுக்கு உலகத்து இசையெல்லாம் வந்து கொட்டியபோது, அந்தப் பாட்டை என்மேலேயே பொருத்திக்கொண்டேன். எனக்கும் பசி போய்விட்டது. ஒரு பாட்டை முப்பது நொடிக்கு மேல் கேட்கப் பொறுமையில்லை. ஒரு காலத்தில் ஒரே ஒரு கேசட்டைத் தேய்ந்துபோகும்வரை கேட்டவன்தான். ஆகவே பயணம் போக வேண்டும், பட்டினி கிடக்க வேண்டும், மழையில் நனைந்து வரிசையில் நின்று அந்தப் பசியைத் திரும்ப வாங்க வேண்டும். இசை விழாக்களுக்கு ஆதரவாக நான் யாரிடமாவது பேசினால் இதைத்தான் சொல்வேன். நண்பனுக்கு இந்த ஆசையை ஏற்றிவிட்டதே நான்தானோ என்றும் சந்தேகம்.

இப்போது எனக்கு இந்த வாசிப்பின் மேல் நம்பிக்கையில்லை. காரணம் ஒரு சொம்பு வெந்நீர்.

*

சேந்தமங்கலத்துக்கு அக்கம்பக்கத்தில் உறவுக்காரர்களின் ஊர் ஒன்று. மாரியம்மன் பண்டிகைக்குப் போயிருந்தோம். நான் கல்லூரி மூன்றாம் வருடம். பூச்சாட்டி, கம்பம் நட்டு, ராத்திரி முழுக்கக் கம்பத்தைச் சுற்றி ஆட்டம். மோளக்காரர்கள் எட்டுப் பேர். சாயங்காலம் ஏழு மணிக்குக் கையை வைத்தவர்கள், நடுராத்திரி வரை அடித்தார்கள். அன்றைக்குக் கேட்டதுபோல் ஒரு தாளத்தை அதற்கப்புறம் எங்கேயும் நான் கேட்டதில்லை என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் அந்த ராத்திரி என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை என்பது நிஜம்.

பனிரெண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். ஊர்க்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும் மண்டபத்தில் பந்தி. மோளக்காரர்களுக்கு மண்டபத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரமாக, இருட்டில் இலை போட்டிருந்தது. யாரும் அதை ஒரு விஷயமாக நினைக்கவில்லை. நானும்தான். பரிமாற ஆள் பத்தவில்லை என்று என்னிடம் சாம்பார் வாளியைக் கொடுத்துப் பின்பக்கம் அனுப்பினார்கள். வரிசைக் கடைசியில் இருந்த பெரியவர் இலையில் கையை வைக்கவே இல்லை.

"என்னங்கய்யா, சாம்பார் ஊத்தட்டுங்களா?"

"சாம்பார் கெடக்குது சாமி. கொஞ்சம் சுடுதண்ணி கெடைக்குமா? கை வீங்கிப்போச்சு. ஒத்தடம் குடுத்தாத்தான் மடக்கிச் சாப்பிட முடியும். மறுக்கா அடிக்கோணுமில்ல."

"இருங்கய்யா, கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் வந்தேன். சமையல்காரரிடம் சொல்லி ஒரு சொம்பு வெந்நீர் வாங்கக்கூடச் செய்தேன். அப்போது சித்தப்பா மகன், "டேய், வாடா, போட்டோ எடுக்கறாங்க" என்று இழுத்தான். சொம்பைத் திண்ணையில் வைத்தேன். போட்டோ எடுத்தோம், பேசினோம், சிரித்தோம். கொஞ்ச நேரத்தில் மோளச் சத்தம் மறுபடி கேட்டது. ஓடிப்போய் ஆடினேன். விடிந்து, அந்தத் திண்ணையில் செருப்பு மாட்டும்போதுதான் சொம்பைப் பார்த்தேன். தண்ணீர் ஆறிக் கிடந்தது.

அந்தப் பெரியவர் வீங்கிய கையோடுதான் இரண்டாவது ஆட்டத்துக்கு அடித்திருக்கிறார். சாப்பிட்டாரா என்று தெரியாது. எனக்கு அந்த இரண்டாவது ஆட்டத்தில் எந்தக் குறையும் தெரியவில்லை. கேட்பவனுக்குத் தெரியாது. இசையின் மிகப் பெரிய வசதியும் மிகப் பெரிய ஆபத்தும் அதுதான். பசி தாளத்தில் கேட்காது.

அதற்குப் பிறகுதான் 153ஆம் பாட்டை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். அதில் வருகிற பசி உருவகம் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உப்பில்லாக் கீரை தின்ற அதே பசி. ஓரிக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இவர்களை அரைவயிறாக வைத்திருந்தால் நாளைக்கும் பாட வருவார்கள். முழு வயிறாக அனுப்பினால் வராமலே போகலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார். பாட்டுப் போனாலும் பரவாயில்லை, பாடுகிறவர் பசித்திருக்கக் கூடாது. வன்பரணர் குறை சொல்வதுபோல் ஆரம்பித்து, ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக உயர்ந்த புகழைச் சொல்லியிருக்கிறார். கலைஞர்களிடமிருந்து கலையைக் கேட்காமலிருக்கும் அளவுக்கு அவர்களை மதித்த ரசிகர்.

பசிதான் கலையைத் தரும் என்று நான் பெங்களூரில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது யாருடைய பசியைப் பற்றி? என் பசி பொழுதுபோகாத பசி. அதையும் அந்தப் பெரியவரின் பசியையும் ஒரே சொல்லால் அழைத்தது என் தவறு.

*

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் போன, போக நினைத்த விழாக்களையெல்லாம் பார்த்தால் படம் மாறிவிடுகிறது.

திருவையாறு. தியாகராஜர் மறைந்தது 1847இல். வருடாவருடம் தை மாத வாக்கில் காவிரிக்கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவார்கள். யாரும் சன்மானம் வாங்குவதில்லை, அஞ்சலியாகப் பாடுவது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் பராமரிப்பில்லாமல் கிடந்த அந்தச் சமாதிக்குத் தன் சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டுக் கோயில் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். 1920களின் நடுவில் குடமுழுக்கு நடந்தது. அவர் கட்டிய இடத்தில், ஆராதனையின்போது அவரே பாட முடியாது. பெண்கள் பாடக் கூடாது. அதனால் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாக ஓர் ஆராதனையையே நடத்தினார். 1940 வாக்கில்தான் பிரிந்து கிடந்த தரப்புகள் ஒன்றாயின. அதற்கு முந்தைய வருடங்களில் திருவையாற்றுக்கு ரயிலேறிப் போய், கண்ணீர் மல்கக் கேட்டுவிட்டுத் திரும்பிய ரசிகர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் கேட்ட இசையில் குறை இருந்திருக்காது. யார் பாடவில்லை என்பது காதில் கேட்காது.

நாகஸ்வரமும் அப்படித்தான். சாமி புறப்பாட்டில் மைல்கணக்கில் நடந்தும், மணிக்கணக்கில் நின்றும் வாசித்தவர்கள் அவர்கள். எனக்கும் மேடை போடு, உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று டி.என்.ராஜரத்தினம் பிள்ளை பிடிவாதம் பிடித்ததை அவருடைய அகங்காரத்துக்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எட்டு மணிநேரம் நின்றவருக்குத்தான் தெரியும், அது அகங்காரமா கால் வலியா என்று.

சென்னையின் மார்கழி சீசன் 1927ஆம் ஆண்டு காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டிலிருந்து முளைத்தது. அடுத்த வருடம் மியூசிக் அகாடமி. இன்று அமெரிக்காவிலிருந்தெல்லாம் விமானம் ஏறி வருகிறார்கள். சபா கேன்டீன்களைப் பற்றிப் பத்திரிகைகளில் தனிப் பத்தியே வரும். எந்த சபாவில் கீரை வடை, எங்கே அடை அவியல். கேட்பவர் என்ன சாப்பிடுவார் என்று சொல்லும் ஆற்றுப்படைகள். மதியம் பன்னிரண்டு மணிக்கு, இருபது பேர் உட்கார்ந்திருக்கும் அரங்கில் பாடும் இளம் பாடகிக்கு என்ன கிடைத்தது, ஆட்டோவுக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் கொடுத்தது போக அவர் கையில் ஏதாவது மிஞ்சியதா என்று சொல்லும் பத்தியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஐரோப்பாவுக்கு வந்தால், நண்பனின் ஷீட்டில் இசைத் தரத்துக்கு அதிக மதிப்பெண் வாங்கியது பைராய்ட். 1876இல் வாக்னர் தன் இசை நாடகங்களுக்காகவே கட்டிய அரங்கம். 1933இலிருந்து 1939 வரை விழா நடந்த கோடைகளிலெல்லாம் ஹிட்லர் அங்கே போனார். யூத இசைக்கலைஞர்கள் ஜெர்மன் மேடைகளிலிருந்து துரத்தப்பட்ட வருடங்கள் அவை. அப்போதும் உலகின் பல மூலைகளிலிருந்து ரசிகர்கள் அங்கே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். இசை நன்றாக இருந்தது. வொர்த்தாகத்தான் இருந்திருக்கும்.

நேர் எதிராகத் தாலின். எஸ்டோனியர்களின் பாட்டுத் திருவிழா 1869இல் தார்த்து நகரில் தொடங்கியது. இன்றைக்குத் தாலின் மேடையில் ஏறக்குறைய 30,000 பேர் சேர்ந்து பாடுகிறார்கள். அவர்கள் தொழில்முறைப் பாடகர்கள் அல்ல. ஊர் ஊராகப் பயிற்சி செய்துவிட்டு வரும் ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள். சோவியத் ஆட்சியில், தடைசெய்யப்பட்ட பாட்டை மேடையும் கூட்டமுமாகச் சேர்ந்து பாடிய வரலாறு அதற்கு உண்டு. 1988இல் அதே மைதானத்தில் லட்சக்கணக்கில் கூடிப் பாடினார்கள், மூன்று வருடத்தில் நாடு விடுதலையானது. அங்கே பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவே சுவர் மெல்லியது. பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார வைக்க ஆளில்லை, ஏனென்றால் எல்லோருமே மோளக்காரர்கள்.

*

இந்த இடத்தில் எனக்கே இரண்டு தடைகள் தோன்றுகின்றன.

ஒன்று: அப்படியானால் இசை எப்படி இருந்தாலும் பரவாயில்லையா? நன்றாகச் சாப்பாடு போடும் விழாவில் அபஸ்வரமாகப் பாடினால் போய்க் கேட்டுவிட்டு வரலாமா? இல்லை. நான் இசையைத் தேடித்தான் போகிறேன், சமபந்தி போஜனத்தைத் தேடி இல்லை. ஓரியும் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். நான் சொல்வது, இசை நன்றாக இருக்கிறது என்பதை எல்லாவற்றுக்குமான பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது என்பது மட்டும்தான். நல்ல இசை கேட்பவனை மயக்குகிறது. அந்த மயக்கத்தில்தான் நான் சொம்பைத் திண்ணையில் வைத்தேன். மோளம் மோசமாக இருந்திருந்தால் ஒருவேளை வெந்நீர் ஞாபகம் வந்திருக்கும்.

இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. இதுவும் ஷீட்டில் ஒரு கட்டம்தானே? டிக்கெட், விமானம், மழை, அப்புறம் 'அறம்'. காபிப் பொடி வாங்கும்போது பின்னால் இருக்கும் முத்திரையைப் பார்ப்பதுபோல், கலைஞர்களை நன்றாக நடத்தும் விழா என்று ஒரு டிக் போட்டுவிட்டு, நிம்மதியாக விமானம் ஏறுவதா? அந்த விமானம் போய்வருவதற்குள் என் பங்குக்கு ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயுவைக் கக்கும் என்ற கணக்கை எந்த டிக்கில் சேர்ப்பது?

இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் பதிலின் திசையைக் காட்டும் ஒரு கோபம் புறநானூற்றில் இருக்கிறது, 208ஆம் பாட்டில். பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் கடந்து தகடூர் அதியமானைப் பார்க்க வருகிறார். அதியமான் வெளியே வராமல், இதைக் கொடுத்து அனுப்புங்கள் என்று பரிசிலை மட்டும் அனுப்புகிறார். புலவர் வாங்க மறுக்கிறார். நான் வியாபாரியா, முகம் பார்க்காமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக? தினையளவு கொடுத்தாலும் என்னைப் பார்த்து, என் தரம் அறிந்து கொடு என்பதுதான் சாரம். அவருக்கும் வீட்டில் பசி இருந்தது. அவருடைய வேறு பாட்டுகளில் அது தெரிகிறது. ஆனாலும் முகம் பார்க்காத கொடையை வாங்கினால் அது விற்பனை ஆகிவிடும் என்று நினைத்தார்.

'வொர்த்தா' என்பது முகம் பார்க்காத கேள்வி. சந்தா கட்டிப் பாட்டுக் கேட்கும் நான், பாடியவருக்குப் பைசாக் கணக்கில் ஏதோ போய்ச் சேரும் என்று நம்பிக்கொண்டு, உள்ளே உட்கார்ந்தபடி பரிசில் கொடுத்தனுப்பிய அதியமான் மாதிரிதான். பயணம் போவதில் ஏதாவது மேன்மை இருக்குமென்றால், அது முகம் பார்க்க வாய்ப்புத் தருகிறது என்பதுதான். வாய்ப்புதான். ஐம்பதாயிரம் பேருக்கு நடுவே நின்று, பெரிய திரையில் பார்த்துவிட்டு வருவதற்கு முகம் பார்ப்பது என்று பெயரில்லை. கம்பத்துக்கு நாலடி தூரத்தில் நின்ற நானே பார்க்கவில்லையே.

ஆகவே எனக்கு எட்டிய அளவில் விஷயம் இதுதான். ஒரு விழா பயணத்துக்குத் தகுமா என்று கேட்பவன், அங்கே தான் யார் என்பதையும் கேட்டாக வேண்டும். வாங்க வந்தவனா, விருந்தாளியா? விருந்தாளிக்குச் சில கடமைகள் உண்டு. வீட்டுக்காரர் சாப்பிட்டாரா என்று கேட்பது அதில் முதலாவது. நம் வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே நமக்குத் தெரிந்த மரியாதை. டிக்கெட் வாங்கியதும் அது மறந்துபோகிறது, காசு கொடுத்தாயிற்றே என்று. மண்டபத்தில் அன்றைக்கு யாரோ சொன்னதும் அதுதான்: "அதான் பேசுன காசு குடுத்தாச்சே."

*

நண்பனுக்கு ஷீட்டைத் திருப்பி அனுப்பினேன். 'வொர்த்?' கட்டத்தை நிரப்பவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு புதுக் கட்டம் போட்டுத் தலைப்பு எழுதினேன்: 'பாடுறவங்க, மேடை கட்டுறவங்க, கக்கூஸ் கழுவுறவங்க எங்க சாப்பிடுவாங்க?'

பத்து நிமிடத்தில் போன் வந்தது. "ஏன்டா, உன்கிட்ட பாட்டப் பத்திக் கேட்டா நீ கேன்டீனப் பத்திக் கேக்கற?"

அந்தச் சொம்பின் கதையைச் சொன்னேன். அவனிடம் முன்னால் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "சரி, இத எங்க போய்ப் பாக்கறது? எந்த வெப்சைட்லயும் இருக்காதே" என்றான். ராஸ்கில்டே லாப நோக்கில்லாத அமைப்பு, வருகிற லாபத்தை நன்கொடையாகக் கொடுத்துவிடுகிறார்கள், சுமார் 30,000 தன்னார்வலர்கள் வேலை செய்கிறார்கள் என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அந்தத் தன்னார்வலர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. "நீயே ஒரு மாசம் முன்னாடி எழுதிக் கேளு. இல்லன்னா நீயே வாலன்டியரா சேந்துரு. அப்பத் தெரிஞ்சிரும்" என்றேன். சிரித்தான். எழுதிக் கேட்பதாகத்தான் சொல்லியிருக்கிறான்.

எனக்கு ஆடியில் இரண்டு நாள் லீவு இருக்கிறது. செம்மேட்டு விழாவுக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. அங்கேயும் மேடையில் யாராவது மோளம் அடிப்பார்கள், காலையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு மேக்கப் கலையாமல் காத்திருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் மதியம் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று சின்ன வயதில் நான் பார்த்ததே இல்லை. சேந்தமங்கலத்தில் பஸ் ஏறும்போது ஒரு ஃபிளாஸ்க் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். எழுபது வளைவுக்கு வெந்நீர் ஆறாமல் தாங்கும்.